சபை நடக்கிறது என்றால் வாய்தா கிடைத்துவிடுமா?

"சார், அண்ணன் சபையில இருக்காருங்க. ஒரு வாய்தா மட்டும் வாங்கிருங்க."

பட்ஜெட் கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இந்த வசனம் அடிக்கடி காதில் விழும். போனின் அந்த முனையில் எம்.எல்.ஏ.வின் உதவியாளர், இந்த முனையில் வக்கீல் குமாஸ்தா. சபை கூடிவிட்டால் கோர்ட் தானாகவே தள்ளிவைக்கும், அது உறுப்பினருக்கு உள்ள உரிமை என்று இருவரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு உரிமை நம் நாட்டில் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. இருப்பதெல்லாம் சில குறுகிய விலக்குகளும், நீதிபதியின் விருப்புரிமையும்தான். அந்த விருப்புரிமையைப் பெற மனு எப்படி இருக்க வேண்டும், எங்கே சறுக்கும் என்பதை எழுதி வைத்தால் இளம் வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் உதவும். எதிர்த்தரப்பில் நிற்பவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

சேலம் மாவட்டத்துக்கு 11 சட்டமன்றத் தொகுதிகள். மக்களவைக் கணக்கில் மாவட்டம் நான்காகப் பிரிந்து கிடக்கிறது. ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, நகரின் மூன்று தொகுதிகள் சேலத்தோடு, ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி கள்ளக்குறிச்சியோடு, சங்ககிரி நாமக்கல்லோடு, மேட்டூர் தர்மபுரியோடு. ஆக 11 எம்.எல்.ஏ.க்கள், 4 எம்.பி.க்கள். இவர்களில் யார் மீதாவது ஒரு செக் வழக்கு, ஒரு மறியல் வழக்கு, ஒரு பாகப்பிரிவினை வழக்கு இருந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடும்.

முதலில் உள்ளதைப் பார்ப்போம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 135ஏ பிரிவைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். சபை கூட்டம் நடக்கும் காலத்திலும், அதற்கு 40 நாள் முன்பும் 40 நாள் பின்பும், உறுப்பினரை சிவில் நடவடிக்கையில் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ முடியாது என்கிறது அந்தப் பிரிவு. உறுப்பினராக உள்ள குழு கூடும்போதும் இதே பாதுகாப்பு உண்டு. கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு: "சிவில்", "கைது". வழக்கைத் தள்ளிவை என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. கிரிமினல் கைதுக்கு அது பொருந்தாது. பணத் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் ஈ.பி.யில் (நிறைவேற்று மனு) சிவில் சிறை கேட்கும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். சொத்து ஜப்திக்கு அது தடை இல்லை.

அந்த 40 நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் வீச்சு புரியும். ஒரு கூட்டத்தொடர் மார்ச் 14இல் தொடங்கி ஏப்ரல் 29இல் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆண்டில் பின்னோக்கி 40 நாள் எண்ணினால் பிப்ரவரி 2. முன்னோக்கி எண்ணினால் ஜூன் 8. பிப்ரவரி தொடக்கம் முதல் ஜூன் இரண்டாம் வாரம் வரை சிவில் கைது வாரண்டு செல்லாக்காசு. இரண்டு கூட்டங்களுக்கு இடையே 80 நாளுக்கும் குறைவான இடைவெளி என்றால் நடுவில் ஜன்னலே திறக்காது. ஆகவே எம்.எல்.ஏ. மீது ஈ.பி. போடும் டிகிரிதாரருக்கு (தீர்ப்பைத் தன் பக்கம் பெற்றவர்) என் யோசனை எளியது: கைது கேட்டுக் காலத்தை ஓட்டாமல், முதல் நாளிலிருந்தே ஜப்திக்குப் போங்கள். விடுதலையான உறுப்பினரை அந்தக் காலம் முடிந்ததும் மறுபடி கைது செய்யலாம் என்று 135ஏ (2) சொல்கிறது. ஏட்டளவில் சரி, நடைமுறையில் அதற்குள் அடுத்த தொடருக்கு அழைப்பு வந்துவிடும்.

அடுத்தது 133ஆவது பிரிவு. சிவில் கோர்ட்டில் நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு பெற்றவர்களின் பட்டியல் அது. குடியரசுத் தலைவர், ஆளுநர்கள், மத்திய மாநில அமைச்சர்கள், மக்களவைத் தலைவர், மாநிலப் பேரவைத் தலைவர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் எல்லாம் அதில் உண்டு. சாதாரண எம்.எல்.ஏ., எம்.பி. இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் இல்லை. பேரவைத் துணைத் தலைவரும் இல்லை. அமைச்சர் சாட்சியாக வேண்டியிருந்தால் கமிஷன் வைத்து, அதாவது கோர்ட் நியமிப்பவர் கோர்ட்டுக்கு வெளியே சாட்சியம் பதிவு செய்யும்படி, விசாரிக்க வேண்டும். அவர் விலக்கு கேட்டதால்தான் கமிஷன் தேவைப்பட்டது என்றால், அழைத்த தரப்பு தானாகக் கட்டாத பட்சத்தில் செலவு அமைச்சருடையது. 133 (3)இல் இருக்கும் இந்தச் செலவு விஷயத்தை எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இவை போக, அரசமைப்புச் சட்டத்தின் 194ஆவது பிரிவு தரும் சபை உரிமைகள். உறுப்பினர் சபைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது, சபை வளாகத்துக்குள் பேரவைத் தலைவரின் அனுமதியின்றி சம்மன் சார்வு செய்யக் கூடாது, சபை நடவடிக்கை பற்றிச் சாட்சி சொல்லவோ ஆவணம் தாக்கல் செய்யவோ சபையின் அனுமதி வேண்டும் என்பவை இதில் அடங்கும். சபைக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதற்காகக் கிரிமினல் சட்டம் வழிவிடாது என்பது பழைய சங்கதி. பாதுகாப்புச் சட்டத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்த எம்.பி. ஆனந்த நம்பியார் சென்னை அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 1966 தீர்ப்புத் திரட்டில் அது இருக்கிறது. 2015இல் கேரள சட்டமன்றத்தில் நடந்த அமளி தொடர்பான வழக்கில் 2021 ஜூலையில் வந்த தீர்ப்பும், பொதுச் சட்டத்திலிருந்து தப்பிக்கும் வாசலாக சபை உரிமையைப் பயன்படுத்த முடியாது என்றே சொன்னது.

இனி வாய்தாவுக்கு வருவோம்.

சிவில் வழக்கில் வாய்தா என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் (சி.பி.சி.) 17ஆவது ஆர்டர், ரூல் 1. விசாரணை நடக்கையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா இல்லை என்ற வரம்பு 1999, 2002 திருத்தங்களால் வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் ஊர் வக்கீல்கள்தான்: சேலம் வழக்கறிஞர் சங்கம் எதிர் இந்திய ஒன்றியம். 2002 அக்டோபரில் ஒரு தீர்ப்பு, 2005 ஆகஸ்ட் 2இல் இரண்டாவது. இந்தியாவில் எந்த மூலையில் சிவில் வாய்தா பற்றி வாதம் நடந்தாலும் "சேலம் பார்" என்ற பெயர் வந்தே தீரும். அஸ்தம்பட்டியில் நின்றுகொண்டு அதைப் படிக்காமல் வாய்தா கேட்பது, மேட்டூரில் இருந்துகொண்டு காவிரி தெரியாது என்பது மாதிரி.

அந்த 2005 தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். மூன்று என்ற வரம்பு இரும்புச் சுவர் அல்ல. தரப்பினரின் கைமீறிய சூழ்நிலை இருந்தால், அதிகச் செலவுத் தொகை விதித்து நான்காவதும் தரலாம் என்றது. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னவை போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், சுனாமி. அதே மூச்சில், முதல் வாய்தாகூட யாருக்கும் உரிமை கிடையாது, வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. சுனாமியோடு, ஒரு துறையின் செலவுக்குச் சபை ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை விவாதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சபைத் தேதி பல நாள் முன்பே தெரிந்த ஒன்று. "கைமீறியது" என்று நீதிபதியை நம்ப வைக்க, சபை இருக்கிறது என்பது போதாது. அன்றைக்கு அந்த உறுப்பினர் அங்கே இருந்தே ஆக வேண்டிய காரணத்தைக் காட்ட வேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அன்றைக்கு அவர் கோர்ட்டில் தேவைப்படுகிறாரா?

சிவில் வழக்கில் கட்சிக்காரர் ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் வர வேண்டியதே இல்லை. ஆர்டர் 3, ரூல் 1 படி வக்கீல் ஆஜரானால் அது அவர் ஆஜரானதுதான். எழுவினா (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனைவது, ஆவணம் குறிப்பது, எதிர்த்தரப்பு சாட்சியின் குறுக்கு விசாரணை, வாதம் என எதற்கும் அவர் முகம் தேவையில்லை. அவர் கூண்டில் ஏறும் நாள், சமரச மையத்துக்கு அனுப்பிய நாள், கோர்ட் நேரில் வரச் சொல்லி உத்தரவிட்ட நாள் — அவ்வளவுதான். இந்த மூன்றும் இல்லாத நாளில் "சபை" என்று சொல்லி வாய்தா கேட்டால், உள்ள மூன்று வாய்தாவில் ஒன்றை வீணடித்தாயிற்று என்று பொருள். பிறகு அவருடைய குறுக்கு விசாரணை நாளில் உண்மையாகவே சபை இருக்கும், கையில் மிச்சம் எதுவும் இருக்காது.

அவர் சாட்சி சொல்லும் நாளே சபையோடு மோதினால்கூட வாய்தாதான் ஒரே வழி என்றில்லை. முதல் விசாரணை எப்படியும் பிரமாண வாக்குமூலமாகத்தான் தாக்கலாகிறது. ஆர்டர் 18, ரூல் 4. குறுக்கு விசாரணைக்கு அட்வகேட் கமிஷனர் கேட்டு மனுப் போடலாம். சபை பொதுவாகச் சனி, ஞாயிறு கூடாது. எம்.எல்.ஏ. சொந்த ஊருக்கு வரும் சனிக்கிழமை காலையில் கமிஷனர் முன்னிலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. கமிஷனர் கட்டணத்தைத் தானே கட்டுவதாக மனுவிலேயே எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். இந்த வழியைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. கூண்டில் ஏற மனமில்லாதவருக்கு இந்த வழி பிடிக்காதுதான்.

கிரிமினல் வழக்கில் கதை வேறு. இங்கே வாய்தாவையும் ஆஜர் விலக்கையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. வாய்தா என்றால் வழக்கே நகராது. விலக்கு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் வராமலேயே வழக்கு நகரும். சபைக்குப் போகிறவர் நேர்மையாகக் கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பழைய 205 இப்போது 228. பழைய 317 இப்போது 355. வாய்தா பற்றிய பழைய 309 இப்போது 346. அன்றைய தேதியில் விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடர்கின்றன. எனவே மனுவின் தலைப்பில் எண் போடும் முன் வழக்கு எந்த நாளில் விசாரணைக்கு எடுக்கப்பட்டது என்று பாருங்கள். வளாகத்தில் இன்னமும் எல்லாருக்கும் அது "த்ரீ செவன்டீன் பெட்டிஷன்"தான். பேச்சில் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை, தாளில் தவறாகப் போட்டால் திரும்பி வரும்.

228 என்பது மாஜிஸ்ட்ரேட் சம்மன் அனுப்பும் கட்டத்தில், வழக்கு முழுவதற்குமாக வக்கீல் மூலம் ஆஜராக அனுமதி. 355 என்பது விசாரணையின் நடுவே, பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நாளுக்கு. ஆண்டுக்குப் பல வாரம் சென்னையிலோ டெல்லியிலோ இருக்க வேண்டியவருக்கு முதலிலேயே 228 மனு போடுவதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொரு விசாரணைத் தேதிக்கும் காலையில் ஓடி ஓடி 355 மனு எழுதுவதைவிட நீதிபதிக்கும் எரிச்சல் குறைவு. செக் வழக்குகளில் இந்த மனு எப்படி இருக்க வேண்டும் என்று 2001இல் பாஸ்கர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறை கொடுத்திருக்கிறது. மூன்று உறுதிமொழி: குற்றம் சாட்டப்பட்டவர் தான்தான் என்பதை மறுக்க மாட்டேன், என் சார்பில் வக்கீல் கட்டாயம் ஆஜராவார், நான் இல்லாதபோது சாட்சியம் பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த மூன்றும் இல்லாத மனு, பெயருக்கு விலக்கு மனு. உண்மையில் வாய்தா மனு. அனுபவமுள்ள ஏ.பி.பி. (உதவி அரசு குற்றவியல் வழக்கறிஞர்) முதலில் தேடுவது இந்த மூன்று வரியைத்தான்.

எந்த நாளுக்கு விலக்கு சுலபம், எந்த நாளுக்குக் கடினம்? சாட்சி விசாரணை நாள், ஆவணம் கொடுக்கும் நாள், வாதம் ஆகியவற்றில் வக்கீல் இருந்தால் போதும். சாட்சி ஆளைக் கூண்டில் அடையாளம் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் சிக்கல். குற்றச்சாட்டு வனையும் நாளில் ஆள் வேண்டும். புதிய சட்டத்தில் அதைக் காணொலி வழியாகவும் படித்துக் காட்டலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். 355இன் விளக்கமும் காணொலியில் வருவதை நேரில் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேள்வி கேட்கும் கட்டத்தில், அதாவது பழைய 313, இப்போதைய 351இல், அவர் வந்தே ஆக வேண்டும். சிறு குற்றங்களுக்கான சம்மன் வழக்கில் ஏற்கெனவே விலக்கு பெற்றவர்களுக்கு மட்டும் சலுகை. தீர்ப்பு நாளில் எந்தச் சபையும் காப்பாற்றாது. விலக்கு பெற்றிருந்து, தண்டனை அபராதம் மட்டும் அல்லது விடுதலை என்றால் தவிர.

வாய்தாவே வேண்டும் என்றால் 346 கடுமையாக இருக்கிறது. கைமீறிய சூழ்நிலையில், எதிர்த்தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுதி, இரண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. இதோடு, பதவியில் உள்ள உறுப்பினர்கள் மீதான வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் தனியாகப் போட்டிருக்கும் கயிறுகள் உண்டு. 2014 மார்ச் 10 உத்தரவின்படி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8 (1), (2), (3)இல் வரும் குற்றங்களில் குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும், கூடியவரை நாள்தோறும் நடத்த வேண்டும். முடியாவிட்டால் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் காரணம் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 9 தீர்ப்பு, அரிதான, தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் இந்த வழக்குகளைத் தள்ளிவைக்கக் கூடாது என்கிறது. காரணம் வெளிப்படை. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் தீர்ப்பு வந்த பிறகு, இரண்டாண்டு தண்டனை விழுந்தால் பதவி அன்றே போகும். மேல்முறையீடு செய்து பதவியில் தொடரும் மூன்று மாதச் சலுகை ஒழிந்துவிட்டது. ஆக, தாமதத்துக்கு இப்போது விலை மதிப்பு உண்டு. நீதிபதிகளுக்கும் அது தெரியும்.

சென்னையில் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கான சிறப்பு நீதிமன்றம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அது ராஜாஜி சாலை. சட்டமன்றம் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டையும் ராஜாஜி சாலை. அங்கே நடக்கும் வழக்குக்குச் சபையைக் காட்டி விலக்கு கேட்பவர் தூரத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. சேலத்து வழக்குக்கு அந்த நியாயம் உண்டு. கோட்டையிலிருந்து அஸ்தம்பட்டி சுமார் 340 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரம். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து 10.30க்குக் கோர்ட்டில் நின்றால் அன்றைய சபை போனது. அன்றிரவு அதே ரயிலில் திரும்பினால் மறுநாள் சபைக்குப் போய்விடலாம். எனவே மனுவில் ஒரு விசாரணைத் தேதிக்கு ஒரு சபை நாள் இழப்பு என்றுதான் எழுத வேண்டும். "இரண்டு வாரம் வர இயலாது" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் நீதிபதி ரயில் கால அட்டவணையை நினைத்துக்கொள்வார்.

மனுவில் என்னென்ன இணைக்க வேண்டும் என்பதில்தான் பாதி வெற்றி. கூட்டத்தொடருக்கான அழைப்பு ஒவ்வொரு உறுப்பினருக்கும் பேரவைச் செயலகத்திலிருந்து வரும். அதன் நகல் ஒன்று. அலுவல் ஆய்வுக் குழு கூடி முடிவு செய்த நாள்வாரி நிகழ்ச்சி நிரல், எந்தத் தேதியில் எந்தத் துறையின் மானியக் கோரிக்கை என்பது தெரியும்படி. இவற்றைவிட வலுவானது, அந்தத் தேதியில் அவருக்கென்று உள்ள வேலை: அவர் பெயரில் பட்டியலான நட்சத்திரக் குறியிட்ட வினா, வெட்டுத் தீர்மானம், கவன ஈர்ப்பு, கட்சி அவரைப் பேசச் சொல்லிக் கொடுத்த பட்டியல். ஏற்காடு தொகுதி உறுப்பினருக்குப் பழங்குடியினர் நலத் துறை மானியம் விவாதத்துக்கு வரும் நாளும், வேறு ஏதோ துறை வரும் நாளும் ஒரே எடை அல்ல. குழுச் சுற்றுப்பயணம் என்றால் குழுவின் பயண நிரல் வேண்டும். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு மாவட்டங்களுக்குப் போகும். அந்தக் குழுவில் அவர் உறுப்பினர் என்பதற்கும் தாள் வேண்டும். தொகுதியில் அமைச்சர் வருகை, பூமி பூஜை, கட்சிக் கூட்டம் போன்றவை சட்டமன்றப் பணி கிடையாது. அவற்றைச் சபை என்ற போர்வையில் சுருட்டி வைத்தால் முதல் தடவை கிடைக்கும், அடுத்த தடவை நாளிதழ்ப் படத்தோடு எதிர்த்தரப்பு வரும்.

பிரமாண வாக்குமூலத்தின் மையப் பத்தி இப்படி இருந்தால் போதும்:

"நான் மேற்படி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். … சட்டமன்றத் தொகுதியின் உறுப்பினர். பேரவையின் கூட்டத்தொடர் … முதல் … வரை நடைபெறுகிறது. இவ்வழக்கு விசாரணைக்குள்ள … தேதியன்று … துறை மானியக் கோரிக்கை மீதான விவாதத்தில் நான் பங்கேற்க வேண்டியுள்ளது; அதற்கான நிரல் இணைக்கப்பட்டுள்ளது. அன்றைய தினம் எனது வழக்கறிஞர் ஆஜராகி வழக்கை நடத்துவார். அரசுத் தரப்பு சாட்சிகளை நான் இல்லாத நிலையில் விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனது அடையாளத்தை நான் மறுக்கவில்லை. பேரவை கூடாத … அல்லது … ஆகிய தேதிகளில் நேரில் ஆஜராவேன் என உறுதியளிக்கிறேன்."

கடைசி வரி முக்கியம். மாற்றுத் தேதி இரண்டு கொடுக்காத மனு, முடிவில்லாமல் கேட்பது போலத் தெரியும். தேதி கொடுக்கும் முன், சிவில் கோர்ட் என்றால் மே மாதம் கோடை விடுமுறை என்பதையும், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அந்த விடுமுறை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மேயில் ஒரு தேதியைச் சிவில் மனுவில் எழுதிவிட்டு முழித்தவர்கள் உண்டு.

மனுவின் நகலை ஏ.பி.பி.யிடமோ எதிர்த்தரப்பு வக்கீலிடமோ இரண்டு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஒரு நாள் விலக்கு மனுவை அன்றைக்குக் காலையில் கொடுப்பதுதான் வளாகத்தின் வழக்கம். சாதாரண ஆளுக்கு அது போதும். சபைத் தேதி முன்பே தெரிந்தும் கடைசி நிமிடத்தில் கொடுத்தால், "நேற்று வரைக்கும் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் இருக்காது.

எங்கே சறுக்குகிறது என்றால், பெரும்பாலும் சின்ன விஷயங்களில். சபை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டு நான்கு நாள் ஆகியிருக்கும். குமாஸ்தா போன மாத மனுவையே தேதி மாற்றி அச்செடுத்திருப்பார். விசாரணைத் தேதி விழுந்தது அரசு விடுமுறையை ஒட்டிய, சபை கூடாத நாளாக இருக்கும். எல்லாவற்றையும்விடக் கெடுதல், விலக்கு மனு போட்டுவிட்டு வக்கீல் வராமல் இருப்பது. 355 நிற்பதே வக்கீலின் காலில்தான். வக்காலத்து இல்லாத ஜூனியர் ஒருவர் எழுந்து "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்றால், வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பது காரணமாகாது என்று சிவில், கிரிமினல் இரண்டு சட்டமும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. அப்புறம் பிடிவாரண்டுதான். வாரண்டு பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும் வரை அது உயிரோடு இருக்கும். சபை நடக்கிறது என்பதால் தூங்காது. உறுப்பினரைக் கிரிமினல் வழக்கில் கைது செய்தால் பேரவைத் தலைவருக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும், சபை வளாகத்துக்குள் அவர் அனுமதியின்றிக் கைது கூடாது. இவை காவல்துறைக்கான நடைமுறை, உறுப்பினருக்கான கேடயம் அல்ல. வாரண்டு விழுந்த தகவல் தெரிந்த அன்றே ஆளை நேரில் கூட்டிவந்து, வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் ரீகால் மனு போடுவதே வழி. ஆள் இல்லாமல் ரீகால் கேட்பது அபூர்வமாகத்தான் பலிக்கும்.

எதிர்த்தரப்பில் இருப்பவர் என்ன செய்யலாம்? ஆட்சேபணையை வாயால் சொல்லாமல் எதிருரையாகக் கொடுங்கள். ஏற்கெனவே எத்தனை வாய்தா, எந்தெந்தத் தேதி, யார் கேட்டது என்பதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் உள்ள வழக்கு வரலாற்றிலிருந்து எடுத்து அட்டவணையாக இணைக்கலாம். முந்தைய மனுவில் சொன்ன சபை நாளில் அவர் உண்மையிலேயே சபையில் இருந்தாரா என்ற சந்தேகம் வந்தால், பேரவைச் செயலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 30 நாள் கெடு வைத்துக் கேட்கலாம். வாய்தா தவிர்க்க முடியாது என்றால் செலவுத் தொகை கேளுங்கள்.

செலவுத் தொகை என்றதும் வக்கீல்கள் வக்கீல் கட்டணத்தை மட்டும் நினைக்கிறார்கள். சாட்சியை யாரும் நினைப்பதில்லை. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒருவர் சாட்சி என்று வையுங்கள். காலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம், கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டியில் இறங்குகிறார். 10.30க்கு வழக்கு கூப்பிடுகிறார்கள். "எம்.எல்.ஏ. சபையில் இருக்கிறார், வாய்தா" என்று ஐந்து நிமிடத்தில் முடிகிறது. அவருக்கு ஒரு நாள் கூலி போனது, பஸ் காசு போனது. மூன்றாவது முறை அவர் இறங்கி வருவாரா என்பது சந்தேகம். சாட்சிகள் வந்திருக்கும்போது அவர்களை விசாரிக்காமல் தள்ளிவைக்கக் கூடாது என்று இரண்டு சட்டமும் சொல்வது இதற்காகத்தான். வாய்தா கேட்பவர் அன்றைக்கு வந்த சாட்சிகளின் படியைக் கட்ட வேண்டும் என்று கேட்கலாம், உத்தரவும் வாங்கலாம்.

வக்கீலே சட்டமன்ற உறுப்பினராக இருந்தால்? சேலத்துக்கு இது புதிதில்லை. இங்கே வக்கீல் தொழில் செய்த விஜயராகவாச்சாரியார் 1895 முதல் 1901 வரை சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினர். எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் வக்கீல் தொழில் செய்யத் தடை இல்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவருடைய சபை நாள்கள் அவருடைய கட்சிக்காரருக்கு வாய்தா உரிமை ஆகாது; வக்காலத்தில் இன்னொரு வக்கீல் பெயரையும் சேர்த்து வைப்பதுதான் ஒரே பாதுகாப்பு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கு நேர்மாறான சட்டம் இருக்கிறது. கட்சிக்காரரோ அவருடைய வக்கீலோ சட்டமன்ற உறுப்பினர் என்றால், சபை முடிந்து 30 நாள் வரை கோர்ட் வழக்கைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும். வழக்கு இழுக்க வேண்டியவர்கள் உறுப்பினர் ஒருவரைத் தேடிப் பிடித்து வக்கீலாக அமர்த்தத் தொடங்கவே, விசாரணைத் தேதிக்கு மிக நெருக்கத்தில் அமர்த்தினால் தள்ளிவைப்பது நீதிபதி விருப்பம் என்று வைத்தார்கள். 1977இல் ஒரு தாய் பிள்ளைப் பராமரிப்புத் தொகைக்காகப் போட்ட வழக்கு இப்படி முடங்கியபோது, அவசர உரிமை பறிபோகும் இடத்தில் இந்தத் தள்ளிவைப்பு செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் விலக்குப் போட்டது. உரிமையாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். நம் ஊரில் விருப்புரிமையாக இருப்பதே மேல் என்பது என் எண்ணம்.

விலக்கு கிடைத்த நாளின் மாலையில் ஒரு வேலை பாக்கி இருக்கும். அடுத்த தேதியை உதவியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாமல், அன்றைய உத்தரவு வரியையும் படம் எடுத்து அனுப்புங்கள். "விலக்கு, அடுத்த முறை நேரில்" என்று நீதிபதி எழுதியிருப்பார். அந்த இரண்டு சொல் போய்ச் சேராமல் வந்த பிடிவாரண்டுகள் அதிகம்.